படைவீடும் பள்ளிக்கூடமும்: சுபேதார் ராம்ஜி சக்பால் நினைவுரை

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி அஸ்தம்பட்டியில் நடைபெற்ற கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



அண்ணல் அம்பேத்கரைப் பற்றிப் பேசவேண்டும் என்றுதான் சங்கத்தார் நம்மைக் கேட்டனர். அண்ணலைப் பற்றி இம்மேடையில் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பலரும் பேசியிருக்கின்றனர். நம்மினும் நன்றாகவே பேசியிருக்கின்றனர். ஆகவே, அவருடைய தந்தையாரைப் பற்றிப் பேச இசைவு தருக என வேண்டினோம். "அவரைப் பற்றிப் பேசுவதற்கு என்ன இருக்கிறது? அவர் ஒரு சுபேதார், அவ்வளவுதானே?" என்று சங்க நண்பர் ஒருவர் வினவினார். அவ்வினாவே நம் பேச்சுக்குத் தலைப்பைத் தந்துவிட்டது. அவர் ஒரு சுபேதார்தான். ஓய்வூதியம் வாங்கிப் பிழைத்தவர். கட்சி கண்டவர் அல்லர். நூல் எழுதியவர் அல்லர். பதினான்கு மக்களைப் பெற்று, அவர்களுட் பெரும்பாலோரை மண்ணுக்குக் கொடுத்து, எஞ்சிய சிலரை வளர்த்து ஆளாக்குவதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். அத்தகைய ஒருவரின் வாழ்க்கையில் நாம் கற்க வேண்டியது உண்டு என்பது எம் துணிபு.

அஸ்தம்பட்டியிலும் இதனைச் சூழ்ந்த ஊர்களிலும் பட்டாளத்திலிருந்து திரும்பியோர் வீடு எது என்று யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அவ்வீட்டில் பச்சை வண்ணம் பூசிய இரும்புப் பெட்டி ஒன்று இருக்கும். சுவரில் தொப்பியுடன் எடுத்த நிழற்படம் ஒன்று இருக்கும். தெருவில் யாருக்குக் கடிதம் வந்தாலும் அங்கேதான் எடுத்துச் செல்வார்கள். மணியார்டர் படிவம் நிரப்புவதும், தாலுகா அலுவலகத்துக்கு மனு எழுதுவதும் அத்திண்ணையில்தான் நடக்கும். எம் இளமையில் அத்தகைய பெரியவர் ஒருவரிடந்தான் நாம் ஆங்கில எழுத்துகளைக் கற்றோம். அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டது தாம் கண்ட போரைப் பற்றி அன்று. தாம் பட்டாளத்திற் சேர்ந்தபின் எழுதப் படிக்கக் கற்றதைப் பற்றித்தான். சுபேதார் ராம்ஜியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எமக்கு அத்திண்ணைதான் நினைவுக்கு வரும்.

ராம்ஜி மாலோஜி சக்பால் கொங்கண நாட்டு இரத்தினகிரி மாவட்டத்து அம்பாவடே என்னும் சிற்றூரைப் பூர்விகமாகக் கொண்ட மகர் வகுப்பினர். அவருடைய தந்தையார் மாலோஜியும் படைவீரர். மணந்துகொண்ட பீமாபாயின் பிறந்தகமும் படைவீரர் குடும்பமே. கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் படையில் மகர்கள் பெருந்தொகையினராய் இருந்தனர். நம் சென்னைப் படையிலும் அவ்வாறே பறையர் குலத்தார் நிறைந்திருந்தனர். பாதையமைத்தும் பாலங்கட்டியும் படைக்கு வழிகாட்டிய சாப்பர், பயனீர் பிரிவுகளில் அவர்களின் கைவண்ணம் நெடுங்காலம் விளங்கிற்று. ஊருக்குள் நுழையக்கூடாத தெருக்களை உடைய ஒருவன், கடல்கடந்து பர்மாவிலும் சீனத்திலும் ஆப்பிரிக்காவிலும் போர்புரிந்து திரும்பிய விந்தை அன்று நடந்தது. திரும்பிய பின்னும் அத்தெருக்கள் அவனுக்கு மூடியே கிடந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

படைவாழ்வு தந்த சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் யாவரும் அறிவர். அதனினும் பெரிய கொடை ஒன்றை அது அக்குடும்பங்களுக்கு வழங்கியது. படைப்பிரிவு ஒவ்வொன்றுக்கும் பள்ளிக்கூடம் உண்டு. பகலிற் பிள்ளைகள் படிப்பார்கள். இரவிற் சிப்பாய்கள் படிப்பார்கள். வீரர்களும் அவர்தம் பிள்ளைகளும், ஆண், பெண் என்ற வேற்றுமையின்றி, கட்டாயம் படித்தாக வேண்டும் என்பது விதி. வெளியே இருந்த பள்ளிகள் தாழ்த்தப்பட்டோரை வாயிற்படியிலேயே நிறுத்திவைத்த காலம் அது. படைவீட்டிற்குள் மட்டும் சட்டமே பிள்ளையைக் கையைப் பிடித்துப் பலகையின்முன் உட்கார வைத்தது. இதனை அண்ணலே தம் எழுத்தில் விரிவாக எடுத்துரைத்திருக்கிறார். மகர் குடும்பங்களில் பெண்களும் படித்திருந்ததற்கு இதுவே காரணம் என்பது அவர் கருத்து.

ராம்ஜி அத்தகைய பள்ளியில் பயின்றார். பின்னர், புனாவில் ஆசிரியப் பயிற்சி பெற்று, அத்தகைய பள்ளிக்கே ஆசிரியராகவும் பிறகு தலைமையாசிரியராகவும் ஆனார். பதினான்கு ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்து சுபேதார் பதவிக்கு உயர்ந்தார். மத்திய இந்தியாவின் மாவ் என்னும் படைநகரில் அவர் பணியாற்றியபோது, 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், பதினான்காவது மகவாகப் பீமராவ் பிறந்தார். துப்பாக்கி பிடித்த கை, சுண்ணக்கட்டி பிடித்த கை இரண்டும் ஒருவருடையவையே என்பதை இளைஞர்கள் மனத்திற் கொள்ளவேண்டும்.

நிற்க. அடுத்த ஆண்டே பேரிடி ஒன்று விழுந்தது. 1892இல் மகர்களைப் படையிற் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. போர்க்குணம் சில இனங்களுக்கே உரியது என்றொரு கொள்கை அக்காலத்து வெள்ளைப் படைத்தலைவர்களிடையே பரவியிருந்தது. 1885 முதல் 1893 வரை இந்தியப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் பிரபு அக்கொள்கையின் முதற்பெரும் ஆதரவாளர். அவர் அதற்கு முன்னர் சென்னைப் படைக்குத் தலைவராக இருந்தவர். நம் நாட்டு வீரர்களைப் பற்றியும் அவருக்கு உயர்ந்த எண்ணம் இருந்ததில்லை. மூன்று தலைமுறையாக இரத்தம் சிந்தியவர்கள் ஒரே ஆணையால் போர்க்குணம் அற்றவர்களாகிவிட்டனர்!

ஆணையை எதிர்த்து ஓய்வுபெற்ற வீரர்கள் விண்ணப்பம் எழுதினர். கோபால் பாபா வலங்கர் என்னும் முன்னாள் படைவீரர் அதில் முன்னின்றார். சுபேதார் ராம்ஜியும் இம்முயற்சியில் ஈடுபட்டு, நீதிபதி ரானடேயின் உதவியை நாடினார் என்று வாழ்க்கை வரலாறுகள் கூறும். பயன் கிட்டவில்லை. முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது 1917இல் மகர் பட்டாளம் ஒன்று அமைக்கப்பட்டது. போர் முடிந்ததும் அதுவும் கலைக்கப்பட்டது. 1941இல்தான் மகர் ரெஜிமெண்ட் நிலையாக எழுந்தது. அதற்காக வாதாடியவர்களுள் ராம்ஜியின் மகன் முதன்மையானவர். தந்தை எழுதிய விண்ணப்பத்திற்கு மகன் காலத்தில் விடை வந்தது எனலாம். ஆனால், இடைப்பட்ட அரை நூற்றாண்டில் படைப்பள்ளியின் கதவும் அம்மக்களுக்கு அடைபட்டுக் கிடந்ததை எண்ணிப் பார்க்கவேண்டும். சம்பளம் போனதைவிடப் பள்ளி போனதே பேரிழப்பு. ராம்ஜி ஆசிரியராகையால் அதனை நன்குணர்ந்திருப்பார்.

பீமராவ் தவழும் பருவத்திலிருந்தபோதே ராம்ஜி ஓய்வு பெற்றுவிட்டார். முதலில் தபோலிக்கும், பின்னர் சாத்தாராவுக்கும் குடும்பம் பெயர்ந்தது. சாத்தாராவில் பீமாபாய் காலமானார். பீமனுக்கு அப்போது ஐந்து அல்லது ஆறு வயது. பலராம், ஆனந்தராவ், பீமன் என்னும் மூன்று ஆண்மக்களும், மஞ்சுளா, துளசி என்னும் இரு பெண்மக்களும் எஞ்சினர். ராம்ஜியின் தமக்கையார் மீராபாய், முதுகு வளைந்த முதியவர், தாய்க்குத் தாயாய் வந்து அடுக்களையை ஏற்றுக்கொண்டார்.

அவ்வீட்டின் ஒழுங்கைப் பற்றி ஒரு சொல். ராம்ஜி கபீர் நெறியைப் பின்பற்றியவர், மதுவைத் தீண்டாதவர். விடியலிலும் அந்தியிலும் வழிபாடு நடக்கும். பிள்ளைகள் அனைவரும் அதில் அமர்ந்தாக வேண்டும். இரவில் பீமராவும் அவருடைய தமையனும் இராமாயண, பாரதப் பகுதிகளை உரக்கப் படிப்பார்கள். "இவற்றை ஏன் படிக்கச் சொல்கிறீர்கள்?" என்று பீமராவ் ஒருநாள் கேட்டார். நாம் தீண்டப்படாதவர் எனப்படுவதால் நம்மை நாமே தாழ்வாக எண்ணும் நோய் பிள்ளைகளைப் பற்றிக்கொள்ளும், எளிய நிலையிலிருந்த துரோணரும் கர்ணனும் எவ்வளவு உயர்ந்தனர் என்று பார், வால்மீகி யாராக இருந்து யாரானார் என்று பார் என்று தந்தை விடையிறுத்தார். மகன் அதனை ஏற்கவில்லை. துரோணரையும் வீட்டுமரையும் கண்ணனையும் தமக்குப் பிடிக்கவில்லை என்று வாதிட்டார். தந்தை வாயடைத்துப்போனார். இதனைத் தம் இறுதி நூலாகிய 'புத்தரும் அவர் தம்மமும்' என்பதற்கு எழுதிய முன்னுரையில் அண்ணலே நினைவுகூர்கிறார். எதிர்த்துப் பேசிய மகனை அவர் அடித்ததாகவோ விரட்டியதாகவோ அதில் இல்லை. அந்நாளைய சுபேதார் ஒருவர் வீட்டில் இஃது அரிது; இந்நாளைய நம் வீடுகளிலும் அத்தனை எளிதன்று.

ஓய்வூதியம் மட்டும் போதாமையால் ராம்ஜி வேலை தேடினார். கடாவ் வட்டத்துக் கோரேகாவ் என்னுமிடத்தில் பஞ்ச நிவாரணத்திற்காக ஏரி வெட்டும் வேலை நடந்தது. அங்கே காசாளர் பணி கிடைத்தது. பட்டினியால் வாடியோர்க்குக் கூலி கொடுக்கும் வேலை. குடும்பம் சாத்தாராவிலேயே இருந்தது. பள்ளியில் பீமன் தனியே ஒரு மூலையில், தானே கொண்டுவந்த கோணிமேல் அமர்ந்து படித்தான். பள்ளிப் பணியாள் குழாயைத் திறந்துவிட்டால் தண்ணீர் உண்டு. பணியாள் இல்லையேல் தண்ணீர் இல்லை. வண்ணார் துணி வெளுக்கமாட்டார், சகோதரிகள் வெளுத்தனர். நாவிதர் முடி திருத்தமாட்டார். மூத்த தமக்கையார் கத்தி எடுத்துக் கற்றுக்கொண்டு தம்பியர்க்கு முடிவெட்டுவதில் கைதேர்ந்தவரானார். இதுவும் அண்ணல் தாமே எழுதியதுதான். தமக்கை முடிவெட்டியதால் அன்றோ தம்பி தலைநிமிர்ந்து பள்ளிக்குப் போனான்!

1901ஆம் ஆண்டுக் கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளைத் தம்மிடம் வருமாறு தந்தை எழுதினார். தந்தையைப் பார்க்கப் போகும் மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. புதுச்சட்டை, ஒளிரும் தொப்பி, பட்டுக்கரை வேட்டி, புதுச்செருப்பு எல்லாம் தயாராயின. பீமன், தமையன், மாண்டுபோன தமக்கையின் பிள்ளைகள் என்று சிறுவர்கள் புறப்பட்டனர். மசூர் நிலையத்தில் இறங்கியபோது மாலை ஐந்து மணி. அழைத்துச் செல்ல யாரும் வரவில்லை. உடையைக் கண்டு உயர்குலத்துப் பிள்ளைகள் என எண்ணி அன்பாய் விசாரித்த நிலைய அதிகாரி, "நாங்கள் மகர்" என்ற விடையைக் கேட்டதும் முகம் மாறி விலகிப் போனார். வண்டிக்காரர் யாரும் ஏற்றவில்லை. இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்டிச் செல்ல, வண்டிக்காரர் உடன் நடந்துவருவது என்று ஒருவர் ஒப்பினார். கையில் உணவு இருந்தது. குடிக்கத் தண்ணீர் இல்லை. வழியிற் கிடைத்தது கலங்கல் நீர். சுங்கச் சாவடியில் இரவைக் கழித்தனர். முகமதியர் என்று சொல்லிக் கேட்டும் நீர் கிடைக்கவில்லை. மறுநாள் முற்பகல் பதினொரு மணிக்குக் களைத்துக் கோரேகாவ் சேர்ந்தனர். தந்தை திகைத்துப்போனார். பிள்ளைகள் வருவதைத் தெரிவித்த கடிதத்தை அவருடைய பணியாள் அவரிடம் சேர்க்கவேயில்லை!

இந்நிகழ்ச்சியைப் பிள்ளையின் கண்கொண்டு பலரும் படித்திருப்பீர்கள். தந்தையின் பக்கத்திலிருந்தும் பாருங்கள். பஞ்சத்தில் அடிபட்டவர்க்குக் கூலி அளந்து கொடுத்தவரின் சொந்தப் பிள்ளைகள் ஒரு குவளைத் தண்ணீரின்றி இரவு முழுதும் வழியிற் கிடந்திருக்கின்றனர். படையில் எத்தனை பதவி பெற்றிருந்தும், மசூர் நிலையத்திலிருந்து கோரேகாவ் வரை தம் பிள்ளைகளுக்குத் தண்ணீர் வாங்கித்தர அப்பதவி உதவவில்லை. அன்று மாலை அவர் என்ன பேசினார் என்பது எங்கும் எழுதப்படவில்லை. ஆனால், அதன்பின் அவர் நடந்துகொண்ட முறையைக் கண்டால், படிப்பு ஒன்றைத் தவிர வேறெதிலும் அவர் நம்பிக்கை வைக்கவில்லை என்பது புலப்படும்.

அவர் குறையற்றவர் என்று நாம் சொல்ல வரவில்லை. பீமாபாய் மறைந்தபின் மறுமணம் செய்துகொண்டார். தாயின் நகைகளைச் சிற்றன்னை அணிந்திருக்கக் கண்ட பீமனுக்கு மனம் பொறுக்கவில்லை. தந்தையின் தயவில் வாழக்கூடாது என்று சிறுவன் முடிவுகட்டினான். பம்பாய்க்கு ஓடிப்போய் ஆலையில் வேலை தேடுவதற்காக அத்தையின் பணப்பையைத் திருட முயன்றான். சில இரவுகள் முயன்று எடுத்த பையில் இருந்தது அரையணா! அவ்வெட்கத்தில்தான், ஓடிப்போகும் எண்ணத்தை விட்டு, படித்துத் தேறித் தன் காலில் நிற்பது என்று உறுதிகொண்டதாக அண்ணல் பின்னாளில் கூறியிருக்கிறார். தந்தைமீது கொண்ட கோபமும் படிப்புக்கே உரமாயிற்று.

பின்னர்க் குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தது. பரேல் பகுதியில் ஆலைத் தொழிலாளர் வாழும் வரிசைக் குடியிருப்பில் ஓர் ஒற்றை அறை. அடுக்களையும் அதுவே, படுக்கையறையும் அதுவே, விறகும் அங்கேயே. இருவர் ஒரே வேளையிற் படுக்க இடமில்லை. ராம்ஜி அதற்கும் ஓர் ஏற்பாடு கண்டார். மகன் மாலையிலேயே உறங்கிவிட வேண்டும். தாம் இரவு இரண்டு மணி வரை விழித்திருப்பார். இரண்டு மணிக்கு மகனை எழுப்பிவிட்டு, அவன் எழுந்த இடத்தில் தாம் படுத்துக்கொள்வார். கண்ணாடி இல்லாத சிறு விளக்கின் ஒளியில், தலைமாட்டில் திரிகையும் காலடியில் ஆடுமாக, விடியும்வரை மகன் படிப்பான். படைவீட்டில் காவல் மாற்றும் வழக்கத்தை அறிந்தவர்க்கு இவ்வேற்பாடு எங்கிருந்து வந்தது என்று சொல்லவேண்டியதில்லை.

ஆங்கிலத்தை அவரே கற்பித்தார். ஹோவர்டு எழுதிய ஆங்கிலப் பாடநூல்களையும் தர்கட்கரின் மொழிபெயர்ப்புப் பாடங்களையும் மனப்பாடம் ஆகும்வரை விடமாட்டார். மகனோ பாடநூலைத் தவிர மற்ற நூல்களையெல்லாம் கேட்பவன். கேட்டதை இல்லையென்று தந்தை சொல்லியதில்லை. கையிற் பணம் இராது. உடனே எழுந்து, மணமாகிப் பம்பாயிலேயே வாழ்ந்த இளைய மகள் வீட்டுக்குப் போவார். மூன்று ரூபாயோ நான்கு ரூபாயோ கேட்பார். அவளிடம் இல்லையெனில் மூத்த மகள் வீட்டுக்குப் போவார். அவளிடமும் இல்லையெனில் அவளுடைய நகை ஒன்றைக் கேட்டு வாங்கி அடகுக்கடையில் வைப்பார். நூல் வீட்டுக்கு வந்துவிடும். மாதப் பிறப்பில் ஓய்வூதியம் வந்ததும் நகையை மீட்டு மகளிடம் சேர்ப்பார்.

அன்பர்களே, இவ்விடத்தில் நாம் சற்று நின்று பேச விரும்புகிறோம். அடகுக்குப் போன நகை யாருடையது? மணமாகிப் போன பெண்ணுடையது. அதனைக் கொடுக்கும்போது மஞ்சுளாவும் துளசியும் கணவன்மாரிடம் என்ன விடை சொன்னார்கள் என்பதை வரலாறு எழுதிவைக்கவில்லை. பம்பாய்க்கு வந்தபின் இரு ஆண்மக்களை உயர்நிலைப் பள்ளியில் வைக்க ராம்ஜிக்கு வசதியில்லை. ஆனந்தராவின் படிப்பு நின்றது. அவர் தொழிற்கூடத்துக்கு வேலைக்குப் போனார். மூத்தவர் பலராமும் வேலைக்குப் போய்விட்டவர். மூவரில் ஒருவரே படிக்கலாம் என்ற நிலை வந்தபோது அவ்வொருவர் யார் என்று தந்தை முடிவு செய்தார். அம்முடிவு சரியானதே என்று உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது. ஆயினும் படிப்பு நின்றவரின் பக்கமும் ஒன்று உண்டல்லவா?

நம் வீடுகளிலும் இக்கணக்கு நடந்திருக்கிறது. இன்று மேடையில் நின்று பேசும் எம் வீட்டிலேயே நடந்தது. எம் தமக்கையார் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டார். ஜவ்வரிசி ஆலையில் வெயிற்களத்தில் மாவு உலர்த்தி அவர் ஈட்டிய வாரக்கூலியிற்றான் எமக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டப்பட்டது. பட்டமளிப்பன்று எடுத்த நிழற்படத்தில் அவர் இல்லை. அன்றும் அவர் வேலைக்குப் போயிருந்தார். அந்நாளில் அது எமக்கு உறைக்கவில்லை. தமக்கையாருக்கு எம்மைவிடக் கணக்கு நன்றாக வரும் என்பது எம் பெற்றோர்க்கும் தெரியும், எமக்கும் தெரியும்.

நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக உதவித்தொகை வழங்கி வந்திருக்கிறது. பட்டம் பெற்றோரின் பெயர்ப் பட்டியல் இம்மலரில் இடம்பெறுகிறது; பெருமைக்குரியதே. அப்பட்டியலிலுள்ள ஒவ்வொருவர் வீட்டிலும் படிப்பு நின்றவர் ஒருவர் இருப்பாரானால், அவர் பெயரையும் நம் பதிவேட்டில் எழுதிவைக்கலாகாதா என்று செயற்குழுவினரைப் பணிவோடு கேட்கிறோம். படிப்பு நின்றவர்களில் இன்னும் இளையோராய் இருப்பவர்க்கு அவ்வுதவித்தொகையின் கதவைத் திறந்துவிடலாகாதா என்றும் கேட்கிறோம். இதனை விழாக்காலத்தில் சொல்வது முறையா என்று சிலர் கருதக்கூடும். வேறெப்போது சொல்வது?

மீண்டும் சுபேதாரிடம் வருவோம். பீமராவ் ஆங்கில நான்காம் வகுப்பில் தேறியபோது, அதுவே அவ்வகுப்பாருக்குப் பெருஞ்செய்தியாகையால், பாராட்டுக் கூட்டம் நடத்த விரும்பினர். இசைவு கேட்டு வந்தவர்களிடம் ராம்ஜி உறுதியாக மறுத்துவிட்டார். பையனுக்குத் தலை கனத்துவிடும், ஒரு தேர்வில் தேறியதைத் தவிர அவன் என்ன செய்துவிட்டான் என்பது அவர் வாதம். மலர்மாலையும் சுவரொட்டியும் பெருகிவிட்ட இந்நாளில் இதனைக் கேட்க நமக்குச் சற்றே நாணமாகக்கூட இருக்கிறது. பிறகு அவருடைய நண்பர் கிருஷ்ணாஜி அர்ச்சுன் கேலுஸ்கர் வாதாடி இசைவு பெற்றார். அக்கூட்டத்திற்குப் பரிசாகக் கேலுஸ்கர் தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைச் சிறுவனுக்கு வழங்கினார். 1956இல் நாகபுரியில் இலட்சக்கணக்கானோருடன் அண்ணல் புத்த நெறி தழுவியதன் முதல் விதை அந்நூல் எனலாம். தந்தை தம் மறுப்பில் உறுதியாக நின்றிருந்தால் அந்நூல் அன்று கைக்கு வந்திராது. எனவே தந்தையர் எப்போதும் வென்றாக வேண்டும் என்பதுமில்லை.

1907இல் பீமராவ் மெட்ரிகுலேசன் தேறினார். எல்பின்ஸ்டன் கல்லூரியில் இடைநிலைத் தேர்வு முடித்தபோது ராம்ஜியின் கை முற்றிலும் வறண்டுவிட்டது. கேலுஸ்கர் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெயிக்வாட்டிடம் பீமராவை அழைத்துச் சென்றார். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. 1912இல் பி.ஏ. பட்டம் பெற்றார். உதவிபெற்ற கடமைக்காகப் பரோடாவில் பணியேற்க வேண்டும் என்று மகன் எண்ணினார். தந்தைக்கு அதில் விருப்பமில்லை. அச்சமத்தானத்தில் தம் மகன் படப்போகும் இழிவுகளை முதுமையின் அனுபவத்தால் அவர் முன்னரே கண்டிருக்க வேண்டும். பிற்காலத்தில், 1917இல், பரோடாவில் தங்க ஓரிடமின்றி அண்ணல் ஒரு மரத்தடியில் அமர்ந்து கண்ணீர் வடித்தபோது தந்தையின் அச்சம் மெய்யாயிற்று. எனினும் அன்று மகன் தந்தை சொல்லை மீறி 1913 சனவரியில் பரோடாவுக்குப் புறப்பட்டார். சமத்தானப் படையில் லெப்டினன்ட் பதவி கிடைத்ததாக வாழ்க்கை வரலாறு கூறுகிறது. சிப்பாயின் பேரன், சுபேதாரின் மகன், அதிகாரியானான்!

சில நாட்களே ஆயின. தந்தை நோய்வாய்ப்பட்டுக் கடுமையான நிலையில் இருப்பதாகத் தந்தி வந்தது. பீமராவ் உடனே வண்டியேறினார். வழியில் சூரத் நிலையத்தில், தந்தைக்கு இனிப்பு வாங்கிச் செல்லலாம் என்று இறங்கினார். வாங்கித் திரும்புவதற்குள் வண்டி போய்விட்டது. அடுத்த வண்டி கிடைத்து மறுநாள் பம்பாய் வந்து சேர்ந்தார். மக்களும் உற்றாரும் சூழ்ந்திருக்க ராம்ஜி மரணப் படுக்கையிற் கிடந்தார். விழிகள் யாரையோ தேடிக்கொண்டிருந்தன. மகன் அருகே வந்ததும் நடுங்கும் கையால் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். நாவெழவில்லை. கை ஓய்ந்தது. 1913ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் அது.

அவ்வாண்டு சூன் மாதத்தில் பரோடா மன்னரின் உதவித்தொகைக்கான ஒப்பந்தத்தில் பீமராவ் கையெழுத்திட்டார். சூலையில் நியூயார்க் நகரையடைந்து கொலம்பியா பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். ஒற்றை அறையில் பின்தங்கிய மனைவி ரமாபாயும், ஆனந்தராவின் குடும்பமும் அவ்வாண்டுகளில் பட்ட பாடு தனியே பேசத்தக்கது. அதனை மற்றொரு நாள் சொல்வோம்.

பத்தாண்டு கழித்து, 1923இல், 'ரூபாயின் சிக்கல்' என்ற அவருடைய பொருளியல் நூல் இலண்டனில் வெளிவந்தது. நாணயமாற்று, வெள்ளி, பொன் என்று பேராசிரியர்களே தயங்கித் தயங்கிப் படிக்கும் நூல். அதனை அண்ணல் தம் தாய்தந்தையரின் நினைவுக்கு உரிமையாக்கியிருக்கிறார். தம் கல்விக்காக அவர்கள் செய்த தியாகத்தைக் குறித்து அங்கே நன்றியோடு எழுதியிருக்கிறார். இளைஞர்கள் அந்நூல் கையிற் கிடைக்கும்போது நேரே உள்ளே போகாமல், முதலில் அந்த ஏட்டில் சற்று நேரம் நிற்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறோம்.